பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு: விளையாட்டாய்ச் சில பாடங்கள்

(இரண்டாமாண்டு மாணவி, கணிப்பொறித் துறை)



1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. அன்று அது சில பெரிய நகரங்களில், டெலிபோனும் கம்ப்யூட்டரும் வாங்க வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே. இன்றோ ஆடு மேய்க்கப் போகிறவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இதைப் பற்றி மேடை ஏறுகிறவர்கள் பலர் "விஞ்ஞானம் வரமா, சாபமா" என்று ஒரு பட்டிமன்றம் நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அந்தப் பட்டிமன்றத்துக்குள் போகப் போவதில்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு, ஐந்து நாள் மதியத்திற்குப் பிறகு இணையப் பாதுகாப்பு சொல்லிக் கொடுத்தோம். கம்ப்யூட்டர் கிடையாது, நெட் கிடையாது. சாக்பீஸ், பழைய ரெக்கார்டு நோட்டு அட்டை, ஒரு நம்பர் பூட்டு, கொஞ்சம் புளியங்கொட்டை. இவ்வளவுதான் சாமான். எப்படிச் செய்தோம் என்பதை அடுத்த முகாமுக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையப் பாதுகாப்புக் கையேடுகளைப் படித்துப் பாருங்கள். அவை ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. அந்த வீட்டில் அப்பா, அம்மா படித்தவர்கள். பிள்ளை போனில் என்ன செய்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "பெற்றோரின் கண்காணிப்பில் பயன்படுத்தவும்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். எங்கப்பா கொத்து வேலை. அம்மா கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான். வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிச்ச முதல் ஆள் நான். போன் வாங்கின நாளிலிருந்து அதில் வர்ற எஸ்.எம்.எஸ். எல்லாத்தையும் படிச்சுச் சொல்றது நான்தான். கேஸ் புக் பண்றது, கரண்ட் பில் கட்டறது, பேங்க் மெசேஜ் வந்தா எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு எடுத்தாங்கன்னு சொல்றது எல்லாம் நான்தான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதல் தடவையாக 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியபோது எங்கள் தெருவில் ஆறேழு அம்மாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளைத் தேடித்தான் வந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டில் யார் யாரைக் கண்காணிப்பது?

முகாமில் முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வியே "வீட்டுப் போன்ல வர்ற மெசேஜை யாரெல்லாம் படிச்சுச் சொல்றீங்க?" என்பதுதான். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன்கள் உட்பட! ஆக, நாம் அங்கே பாடம் நடத்துவது பிள்ளைகளுக்கு என்று நினைத்தால் தவறு. ஒவ்வொரு வீட்டின் கணக்குப்பிள்ளைக்கு நடத்துகிறோம்.

இதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கில் மகளிர் குழுக் கடன் 18,000 ரூபாய் ஏறியிருந்தது. கறவை மாடு வாங்குவதற்கான பணம். பேங்கில் இருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்து, கார்டு லாக் ஆகப் போகிறது, ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டு, "என்னமோ நம்பர் வந்திருக்காம், படிச்சுச் சொல்லு கண்ணு" என்று போனைக் கொடுத்தார். அவள் வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் வருகிற பிள்ளை. தடுமாறாமல் ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

பணம் போனது. அதைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. பணம் எடுத்ததாக அடுத்த மெசேஜ் வந்ததும் அந்தப் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அடி விழும் என்று பயம். குழுத் தலைவியுடன் பேங்குக்குப் போய்ப் பணம் எடுக்க நின்றபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது.

அவள் படித்த அந்த எஸ்.எம்.எஸ்.ஸிலேயே "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். அவள் எண்ணை மட்டும் படித்தாள். ஏனென்றால் கேட்டது அதை மட்டும்தான். எனவே நம் பாடத்தில் இரண்டு விஷயம் தலையாயது என்று எனக்குப் பட்டது. ஒன்று, மெசேஜை முழுசாகப் படிப்பது. இன்னொன்று, தப்பு நடந்துவிட்டால் உடனே வாய் திறப்பது. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

நம்பர் பூட்டு

முதல் நாள் விளையாட்டுக்காட்டிப் பிள்ளைகளை இழுக்க வேண்டும் அல்லவா? அதற்கு இந்தப் பூட்டு. சூட்கேஸுக்குப் போடும் மூன்று சக்கரப் பூட்டு. 000 முதல் 999 வரை மொத்தம் 1000 எண்கள். ஒரு எண்ணை முயற்சி செய்ய 2 விநாடி என்றால், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 2000 விநாடி, அதாவது 33 நிமிடம். பூட்டை வகுப்பில் சுற்றுக்கு விட்டால் அடுத்த பீரியடுக்குள் யாராவது திறந்துவிடுகிறார்கள். சக்கரத்தை நான்காக்கினால் 10,000 எண்கள், 5 மணி 33 நிமிடம். பிள்ளைகளையே போர்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

எட்டாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். தாறுமாறாகப் பொறுக்கிய 8 ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் பாஸ்வேர்டு வைத்தால் 20,882 கோடி வகை. விநாடிக்கு ஒரு கோடி முயற்சி செய்யும் மெஷின் என்று வைத்துக்கொண்டால் அது 6 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதே மெஷினுக்கு 12 எழுத்து கொடுத்தால் 300 ஆண்டுக்கு மேல் ஆகும். நான்கே எழுத்துத்தான் கூடுதல்! இதைக் கேட்டு ஒரு பையன் விசிலடித்துவிட்டான்.

ஆனால் விஷயம் அதில் இல்லை. மறுநாள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தனக்குப் பிடித்த எண்ணைப் பூட்டில் வைக்கச் சொன்னோம். மற்றவர்கள் அவனிடம் சும்மா பேச்சுக் கொடுக்கலாம்; எண்ணை மட்டும் நேராகக் கேட்கக் கூடாது. "உனக்குப் பொறந்த நாள் எப்ப?" "எந்த நம்பர் பஸ்ஸுல வருவ?" "பிடிச்ச பிளேயர் ஜெர்சி நம்பர் என்ன?" ஐந்து நிமிடத்தில் பூட்டு திறந்துகொண்டது. ஜெர்சி நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யம்! 1000 முயற்சி எங்கே, நாலு கேள்வி எங்கே. வாட்ஸ்அப்பில் வரும் "உன் பிறந்த தேதியைப் போடு, உன் ராசியைச் சொல்கிறேன்" வகையறாக்களை அதற்குப் பிறகு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

எஸ்.எம்.எஸ். அட்டைகள்

இதுதான் முக்கியமான பாடம். நேரமும் இதற்கே அதிகம் எடுத்தோம்.

எங்கள் வீட்டுப் போன்களில் வந்த மெசேஜ்களைப் பார்த்து, எண்களையும் பெயர்களையும் மாற்றி, நோட்டு அட்டையில் முப்பது மெசேஜ் எழுதினோம். ஆங்கிலத்தில் எப்படி வருமோ அப்படியே. பேங்க், கேஸ், ரீசார்ஜ், லாட்டரி அடித்தது, கரண்டைப் பிடுங்கப் போகிறோம் என்ற மிரட்டல் என எல்லாம் கலந்து. நாலு பேருக்கு ஒரு கட்டு. இரண்டு பேர் அம்மா, அப்பாவாக நடிக்க வேண்டும். அவர்களுக்கு "படிக்கத் தெரியாது". மூன்றாவது பிள்ளை படித்துச் சொல்ல வேண்டும். நான்காவது ஆள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனில் அவசரப்படுத்துபவன். இந்த நாலாவது வேஷத்துக்குத்தான் அடிதடி!

படிக்கும் பிள்ளைக்கு மூன்று கேள்வி கொடுத்திருந்தோம். இது நாம கேட்டு வந்ததா, கேட்காம வந்ததா? பணம் வருதா, போகுதா? நம்பரைக் கேட்கிற ஆள் நம்ம கண்ணுக்கு முன்னால நிற்கிறாரா?

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது, பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறார்கள், அர்த்தம் தெரியவில்லை. "டெபிட்டட்" என்றால் என்ன, "கிரெடிட்டட்" என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. இரண்டு வார்த்தையும் தொகைக்குப் பக்கத்தில் வருவதால் இரண்டுமே பணம் ஏறிய செய்தி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, டோன்ட் ஷேர்னு போட்டிருக்கு. ஷேர்னா வாட்ஸ்அப்ல அனுப்பறதுதானே? வாயால சொல்றது ஷேர் ஆகாதுல்ல?"

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அவளுக்குத் தெரிந்த "ஷேர்" போனில் இருக்கும் அம்புக்குறி பட்டன். அவள் அறிவுக்கு அவள் சொன்னது சரி. நம் கையேட்டில் "ஓ.டி.பி.யைப் பகிராதீர்" என்று தூய தமிழில் எழுதினாலும் இதே கதைதான். அன்றைக்குப் பிறகு எட்டு ஆங்கில வார்த்தைகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டோம். டெபிட் என்றால் நம்மிடமிருந்து போகுது. கிரெடிட் என்றால் நம்மிடம் வருது. ஷேர் என்றால் எழுதிக் காட்டினாலும், அனுப்பினாலும், வாயால் சொன்னாலும் எல்லாம் ஷேர்தான். நம் முதலாண்டு இங்கிலீஷ் பேப்பரை நினைத்து பயந்தவள் நான். அங்கே போய் இங்கிலீஷ் டீச்சர் ஆனேன்!

எட்டாவது பையன் ஒருவன் இன்னொரு கேள்வி போட்டான். "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்றீங்க. கேஸ் கொண்டாந்து போடற அண்ணன்கிட்ட எங்கம்மா சொல்றாங்களே?" உண்மைதான். சிலிண்டர் வாங்கும்போது புக்கிங் செய்த போனுக்கு வரும் எண்ணைக் கொண்டு வந்தவரிடம் சொல்லத்தான் வேண்டும். "யாருக்கும் சொல்லாதே" என்று ஒரே அடியாய்ச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை வீட்டில் அம்மா கேஸ்காரரிடம் சொல்வதைப் பார்த்ததும் நம் பாடம் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். மூன்று கேள்வியையும் கேஸ் மெசேஜுக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். நாம் புக் பண்ணினோம், அதனால் வந்தது. சிலிண்டர் வாசலில் இருக்கிறது. ஆள் முன்னால் நிற்கிறார். அது சிலிண்டரை வாங்கிக்கொண்டதற்கான எண் என்று மெசேஜே சொல்கிறது. பேங்க் மெசேஜுக்கு இதே கேள்விகளைப் போட்டால் விடை மாறிவிடுகிறது. வகுப்பே சேர்ந்து கண்டுபிடித்தது.

க்யூ.ஆர். பற்றியும் இதே அட்டைகளோடு சேர்த்துக்கொண்டோம். 2018-இல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலிருந்து பிள்ளைகளுக்கு க்யூ.ஆர். பழக்கம். அதை ஸ்கேன் செய்தால் பாடம் வரும், வீடியோ வரும், நல்லதுதான் வரும் என்ற நம்பிக்கை. "பணம் அனுப்பறேன், இதை ஸ்கேன் பண்ணி உன் பின் நம்பரைப் போடு" என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் போடவே வேண்டாம், போட்டால் பணம் போகத்தான் செய்யும் என்பதை, ஒருவர் உண்டியல், ஒருவர் சாவி என்று நடித்துக் காட்டினோம். உண்டியலில் காசு போட யாரும் சாவி கேட்பதில்லையே! பத்து நிமிடத்தில் முடிந்த பாடம் இது.

வாலறுந்த நோட்டீஸ்

2018-ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே போல் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது.

அப்போது அதிகம் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம்! கடைசியில் சிறுவனைத் திரும்பக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, ஒரு அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் இங்கே பரப்பினார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படத்தின் வாலை அறுத்து மனிதரைக் கொன்றார்கள்.

இதை வைத்தே ஒரு விளையாட்டு. ஒரு நோட்டீஸ் எழுதினோம்: "நாளை பள்ளிக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கே எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்துவிட வேண்டும். வராதவர்கள் பெயர் எழுதப்படும். — இப்படிக்கு, நாடகத்தில் வரும் தலைமை ஆசிரியர்." கடைசி வரியைக் கிழித்துவிட்டு ஆறாம் வகுப்பில் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் எட்டாம் வகுப்பு வரை செய்தி போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் "ஏரியில் நீச்சல் போட்டி" என்று ஒரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. பிறகு கிழித்த துண்டைக் காட்டினோம். ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு துலே கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. (எச்.எம்.மிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் நிஜமாகவே பாதிப் பேர் வர மாட்டார்கள்.)

புளியங்கொட்டை ஓட்டம்

ஒருவர் பேங்க் கணக்கு. கையில் 18 புளியங்கொட்டை. ஒன்று ஆயிரம் ரூபாய். திருடன் அதை வாங்கிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருவான். பத்து எண்ணியதும் பக்கத்தில் இருவருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு பத்து எண்ணியதும் அவர்கள் மேலும் இருவருக்கு. நாற்பது எண்ணுவதற்குள் கொட்டை எல்லாம் கடைசி பெஞ்சுக்குப் போய், ஜன்னல் வழியாக வெளியே. வெளியே போனால் ஏ.டி.எம்.மில் எடுத்தாகிவிட்டது, திரும்ப வராது.

இழந்தவர் வீட்டுப் பிள்ளை கரும்பலகைப் பக்கம் இருக்கும் "1930"-இடம் ஓடிப் போய், எந்த பேங்க், எவ்வளவு, எப்போது, பரிவர்த்தனை எண் என்ன என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த நொடியில் "நிறுத்து!" அப்போது யார் கையில் கொட்டை இருக்கிறதோ அது அப்படியே முடக்கப்படும். நிஜத்திலும் இது இப்படித்தான் நடக்கிறது. 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆன சைபர் குற்ற உதவி எண்ணுக்கு விரைந்து சொன்னால், பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே வங்கிகளைக் கொண்டு அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் பிள்ளையை எத்தனை எண்ணிக்கைக்குப் பிறகு விடுவது என்பது நம் கையில். பத்தில் விட்டால் பெரும்பாலும் எல்லாம் கிடைத்துவிடும். முப்பதில் விட்டால் இரண்டோ மூன்றோ. கடைசிச் சுற்றில் ஓட வேண்டிய பெண்ணை வீட்டார் வேஷம் போட்டவர்கள் மறித்துத் திட்ட வேண்டும் என்று வைத்தோம். "ஏன் சொன்ன? யார் உன்னைச் சொல்லச் சொன்னா?" அவர்கள் திட்டி முடிப்பதற்குள் பதினெட்டும் ஜன்னலுக்கு வெளியே. அந்தத் திட்டு வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

எனவே நிறைவு நாளன்று அம்மாக்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்தே இந்தக் கடைசிச் சுற்றை நடத்திக் காட்டினோம். நாங்கள் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. ஓர் அம்மா எழுந்து, "அப்ப முதல்ல போனைப் போட்டுட்டு அப்புறமா அடிக்கணும், அதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதல் பாதியை ஒத்துக்கொண்டார்களே, அது போதும் என்று எங்கள் திட்ட அலுவலர் சொன்னார். அடுத்த பாதிக்கு இன்னும் பல முகாம் வேண்டும்.

சாக்பீஸ் கோடு

இது ஒன்றை மட்டும் வகுப்பு ஆசிரியை இல்லாமல் செய்யாதீர்கள். தரையில் பத்து கோடு. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டில் அறிமுகமான ஒருவர் அனுப்பும் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். பதில் போடுவேன் என்பவர்கள் ஒரு கோடு முன்னால் வரலாம். "சூப்பரா ஆடற." "எந்த ஊரு?" "டைமண்ட் வாங்கித் தரவா?" "எந்த ஸ்கூல்?" "வீட்டுல இப்ப யாரு இருக்கா?" "ஒரு போட்டோ அனுப்பு." "நாம பேசறதை வீட்டுல சொல்லிடாத." ஆறு கோடு வரை வந்தவர்கள் இருந்தார்கள். திரும்பிப் பார்க்கச் சொன்னோம். ஒவ்வொரு கோடும் சின்னதுதான், ஆனால் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்!

"சொல்லிடாத" என்று ஒருவர் சொன்னால் அதுவே சொல்வதற்கான அடையாளம் என்று ஆசிரியை விளக்கினார். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஒரு பிள்ளை ஆசிரியையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று காத்திருந்தது. என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது.

மொத்தச் செலவு பூட்டுக்கும் சாக்பீஸுக்கும் மட்டும்தான். புளியங்கொட்டை எங்க வீட்டுது. முப்பது அட்டைகளும் பூட்டும் நம் கம்ப்யூட்டர் லேப் பீரோவில், கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஜூனியர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டை ஒரு எண் வைத்துப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். என் பிறந்த நாள் இல்லை, ரோல் நம்பரும் இல்லை. 33 நிமிடம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.